விடுபட்டதை நிரப்புவதா, விடுவதா? பழைய வீடு, சிலை, ஓவியம் திருத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பழைய வீடுகளிலும் கோயில் வாகனங்களிலும் வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சிலர் வேலை நடக்கும் இடத்துக்கே வந்து கேட்பார்கள். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இரவு இரண்டு மணிக்குக் குரல் செய்தி அனுப்புகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

"திருத்த வேலை எண்டாலே உடைஞ்சதை ஒட்டி, இல்லாததை வைக்கிறதுதானே? இதில என்ன பெரிய யோசனை?"

இரண்டு வேலைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. இருப்பது மேலும் அழியாமல் நிறுத்துவது முதல் வேலை. ஒழுக்கை அடைப்பது, கறையானை ஒழிப்பது, உதிரும் வர்ணத்தை ஒட்டி வைப்பது எல்லாம் அதில் அடங்கும். இல்லாமற்போன பகுதியை என்ன செய்வது என்பது இரண்டாவது. முதலாவதில் பெரிய விவாதம் இல்லை. சண்டை எல்லாம் இரண்டாவதில்தான்.

வெறும் இடைவெளிக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், அது சும்மா இருப்பதில்லை. சுவர் ஓவியத்தில் ஒரு கையளவு வர்ணம் உரிந்து வெள்ளைச் சாந்து தெரிகிறது என்று வையுங்கள். பார்க்கிறவர் கண் முதலில் அந்த வெள்ளைக்குத்தான் போகும். அது முன்னுக்கு வர, ஓவியம் அதன் பின்னணியாகிவிடும். ரோமில் 1939இல் தொடங்கிய மத்திய மீளமைப்பு நிறுவனத்தை நடத்திய செசாரே பிராண்டி இதைத்தான் எழுதினார். ஆகவே இடைவெளியில் முதலில் செய்யவேண்டியது அந்த வெள்ளையைப் பின்னுக்குத் தள்ளுவது. அதற்குப் படத்தை முழுதாக வரையவேண்டும் என்றில்லை. சில இடங்களில் சாந்தின் நிறத்தைச் சற்றுத் தணித்தாலே காணும்.

"விடுபட்டதை அப்பிடியே விட்டா வேலை அரைகுறையாத் தெரியாதோ?"

இதற்கு எங்களிடமே ஒரு நல்ல பதில் இருக்கிறது. புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஏட்டில் செல்லரித்த இடங்களுக்குப் பதிப்பாசிரியர்கள் புள்ளி வைத்தார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருக்குப் பின் வந்த உ. வே. சாமிநாதையரும் சொந்தமாகச் செய்யுள் எழுதத் தெரியாதவர்களா? எழுதி நுழைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் புள்ளிகள் இருப்பதால்தான் மிச்ச வரிகளை நாங்கள் நம்புகிறோம்.

ஆனால் பாட்டில் ஒரு வரி இல்லாவிட்டால் மழை உள்ளே வராது, வீட்டில் ஓடு இல்லாவிட்டால் வரும். ஆகவே கட்டடத்தில் சில இடைவெளிகளைக் கட்டாயம் நிரப்பத்தான் வேண்டும். தாங்கும் பகுதி, நீரைத் தடுக்கும் பகுதி என்றால் நிரப்புங்கள். வெறும் அலங்காரம் என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

"பழசெது புதுசெது எண்டு கண்டுபிடிக்க ஏலாத மாதிரிச் செய்யிறவன்தானே கெட்டிக்காரன்?"

நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய சர்வதேச ஆவணமான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதில் தெளிவாக இருக்கிறது: விடுபட்ட பகுதிக்கு வைக்கும் புதியது முழுமையோடு இசைந்து போகவேண்டும், அதேவேளை மூலத்திலிருந்து பிரித்தறியக்கூடியதாகவும் இருக்கவேண்டும். இரண்டும் முரண் போலத் தோன்றும். தூரத்தை வைத்து அதைத் தீர்க்கலாம். பத்தடி தள்ளி நின்றால் ஒன்றாகத் தெரியவேண்டும், கிட்ட வந்து உற்றுப் பார்த்தால் வேறாகத் தெரியவேண்டும்.

ஓவியத்தில் இதற்கென்று பிராண்டியின் ஆட்கள் ஒரு முறையையே உண்டாக்கினார்கள். திரத்தெஜியோ என்று பெயர். இடைவெளியை மெல்லிய செங்குத்துக் கோடுகளால், நீர்வர்ணத்தில், பக்கம் பக்கமாக நிரப்புவது. தள்ளி நின்றால் கோடுகள் கலந்து நிறமாகும், கிட்டப் போனால் வெறும் கோடுகள். புளொரன்ஸில் 1966 வெள்ளத்தில் பழைய இத்தாலிய ஓவியர் சிமாபுவேயின் பெரிய சிலுவை ஓவியம் பெரும்பகுதி வர்ணத்தை இழந்தது. அங்கே எதை வரைவது என்றே தெரியாத அளவுக்கு இழப்பு. ஆகவே உம்பெர்த்தோ பால்தினியின் வழிகாட்டலில், உருவம் எதையும் வரையாமல், சுற்றியுள்ள நிறங்களிலிருந்து எடுத்த பல வர்ணக் கோடுகளின் பின்னலை மட்டும் போட்டார்கள். முகத்தின் பாதி இன்றைக்கும் இல்லை. இல்லை என்பது தெரிகிறது, ஆனால் கண்ணைக் குத்தவில்லை.

கட்டடத்தில் இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். புதுப் பூச்சை பழைய பூச்சிலிருந்து ஒரு நூல் உள்ளே தள்ளிப் போடலாம், புதுக் கல்லில் ஆண்டைப் பொறிக்கலாம், செதுக்கு வேலையை எளிமையாக்கி வடிவத்தை மட்டும் தரலாம்.

"என்ன இருந்தது எண்டு தெரியாட்டி, மற்றக் கோயிலைப் பார்த்துச் செய்யலாமோ?"

ஊகம் தொடங்கும் இடத்தில் வேலை நிற்கவேண்டும் என்று அதே சாசனம் சொல்கிறது. ஏன் என்பதற்கு, பாம்புகளோடு போராடும் பூசகர் லாவோகூனின் பழைய சிலையின் கதை போதும். 1506இல் ரோமில் தோண்டி எடுத்தபோது அதற்கு வலக்கை இல்லை. வீரமாகப் போராடுகிறவர் அல்லவா, கை வானை நோக்கி நீண்டிருக்கும் என்று நினைத்து நீட்டிய கை ஒன்றை வைத்தார்கள். நானூறு வருடம் உலகம் அந்தக் கையைப் பார்த்து வியந்தது. 1906இல் லுட்விக் பொல்லாக் என்ற தொல்லியலாளர் உண்மையான கையைக் கண்டெடுத்தார். அது தலைக்குப் பின்னே மடங்கியிருந்தது. 1950களின் இறுதியில்தான் அதைச் சிலையில் பொருத்தினார்கள்.

மற்றக் கோயிலைப் பார்ப்பது ஆதாரங்களில் கடைசி. முதலில் அதே கட்டடத்தில் தேடுங்கள்: எட்டுத் தூணில் ஏழு நின்றால் எட்டாவது ஊகமில்லை. பிறகு மண்ணுக்குள் கிடக்கும் துண்டுகள். பிறகு புகைப்படம். எங்கள் ஊர் வீடுகளுக்கு என் அனுபவத்தில் சிறந்த ஆவணம் கலியாண அல்பம்தான். மணமக்களின் பின்னால் தூண், கதவு, கண்ணாடி யன்னல் எல்லாம் நிற்கும். 1995 இடம்பெயர்வில் பல அல்பங்கள் போய்விட்டன. ஆனால் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பிய பிரதி ஒன்று எங்காவது இருக்கும், கேளுங்கள்.

"எங்கட நாற்சார் வீட்டில திண்ணைத் தூண் ஒண்டு பாதி கரைஞ்சிட்டுது. மேசன் சீமெந்து பூசினா ஒரு நாள் வேலை எண்டுறார். பூசுவமோ?"

வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன். பழைய தூண் முருகைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ செங்கல்லோ எதுவானாலும், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. நிலத்திலிருந்து ஈரம் ஏறும், சாந்து வழியே வெளியேறும். இப்படி மூச்சு விட்டுத்தான் அது நூறு வருடம் நின்றது. சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளே தேங்கி, பூச்சின் ஓரத்தில் வெளியே வரப் பார்க்கும். கடற்கரை ஊர் என்றால் ஈரத்தோடு உப்பும் வரும். உப்பு படிகமாகும்போது கல்லின் துளைகளை நெருக்கி உடைக்கும். அடைத்த இடம் உறுதியாக நிற்க, அடைக்காத பழைய பகுதி மாவாகக் கொட்டும். சீமெந்து பழைய சாந்தைவிடக் கடினம் என்பதால், சுவர் சற்று அசைந்தாலும் வெடிப்பு பழைய பக்கத்தில்தான் விழும். திருத்தவேண்டிய பொருளையே திருத்தம் தின்னும் என்று சொல்லலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், அவசரம் என்று ஒரு வீட்டு விறாந்தைச் சுவரில் மூன்றடி அகலத்துக்குச் சீமெந்து பூச விட்டேன். இரண்டு மாரி கழிந்து போய்ப் பார்த்தால் என் மூன்றடி கம்பீரமாக நிற்கிறது, அதைச் சுற்றி ஆறடிக்குப் பழைய பூச்சு இல்லை. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி தந்தார். அது இன்னும் மோசம்.

சுண்ணாம்பைத் தணித்து, நாட்கணக்கில் ஊறவிட்டு, மணலும் கொஞ்சம் செங்கல் தூளும் சேர்த்துப் பூசுங்கள். பழைய ஆட்கள் கடுக்காய் ஊறிய நீரும் பனங்கட்டிக் கரைசலும் விட்டார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து மெல்லத்தான் இறுகும். மெல்லிய படைகளாகப் பூசி, ஈரச்சாக்குப் போட்டு, வெயில் நேரே படாமல் காக்கவேண்டும். ஒரு நாள் வேலை இல்லை, பல வார வேலை. மேசன் முகம் சுளிப்பார், அவரோடு கொஞ்சம் பொறுமையாகக் கதையுங்கள்.

"பனை வளையின்ர ஒரு முனை மட்டும் உக்கிப் போச்சு. முழு வளையையும் மாத்தவேணுமோ?"

சுவருக்குள் போகும் முனைதான் வழக்கமாக உக்கும். நல்ல மரம் வரை வெட்டி, வைரம் பாய்ந்த பனையிலேயே ஒரு துண்டு எடுத்துச் சாய்வாக இணைத்து ஆணியிறுக்கலாம். நல்ல தச்சர் கையில் அது பிடிக்கும்; பாரம் அதிகம் என்றால் பக்கத்தில் ஒரு துணைச் சட்டம் கொடுங்கள். புதுத் துண்டுக்குச் சாயம் பூசிப் பழையதாக்க வேண்டாம். உள்ளே, கண்ணுக்குப் படாத பக்கத்தில் ஆண்டை எழுதிவிடுங்கள்.

"முருகைக்கல் இப்ப எங்க எடுக்கிறது? கோட்டைக்கு மட்டும் எப்பிடிக் கிடைச்சது?"

கடலிலிருந்து முருகைக்கல் வெட்டுவது சட்டவிரோதம், அது நல்லதும்கூட. பாறை போனால் கரை போகும். இடிந்த பழைய மதில்களிலும் கிணற்றுக்கட்டுகளிலும் கிடைப்பதைச் சேர்த்து வைத்துக் கொள்வதுதான் வழி. கிடைக்காத இடத்தில் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வையுங்கள். நிறமும் முகமும் சற்று வேறாக இருக்கும், மேலே பிரித்தறிவது பற்றிச் சொன்னது இங்கே தானாகவே நடந்துவிடும்.

யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கியது. 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டினார்கள். போர்க்காலச் சேதத்துக்குப் பின் நடந்த திருத்தத்தை விளங்கிக்கொள்ள, ஒரு பின்னேரம் மதிலோரம் நடந்து பாருங்கள். வெயில் சாயும்போது எந்தக் கல் எப்போது வைத்தது என்று கண்ணே சொல்லும்.

"அம்மன் விக்கிரகத்தில ஒரு விரல் உடைஞ்சிட்டுது. நீங்கள் சொல்லுற மாதிரி அப்பிடியே விடுறதோ?"

இல்லை. இங்கே நான் இதுவரை சொன்ன விதி செல்லாது. அருங்காட்சியகத்தில் இருக்கும் விக்கிரகத்துக்கு விரல் வைக்கமாட்டோம், அது வரலாற்றுச் சான்று. பூசையில் இருப்பது வேறு. பின்னமான மூர்த்தியை என்ன செய்வது என்று ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்ற பகுதியில் பேசுகின்றன. சேதம் பெரிய அங்கத்திலா சிறிய உறுப்பிலா என்பதைப் பார்த்தே திருத்துவதா மாற்றுவதா என்று தீர்மானிக்கிறார்கள். அதைச் சொல்லவேண்டியவர்கள் உங்கள் சிவாசாரியாரும் ஸ்தபதியும். என்னைப் போன்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதே மரியாதை.

ஒரு வேண்டுகோள் மட்டும். மாற்றுவதென்றால், பழையதை நான்கு பக்கமும் படம் எடுத்து, அளந்து, உயரமும் எடையும் எழுதி வையுங்கள். நல்லூரில் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

"கும்பாபிசேகம் வருகுது. பழைய சுவர்ப் படங்கள் மங்கிப் போச்சு, பெயின்ரரை விட்டு மேல அடிச்சா வடிவா இருக்கும்தானே?"

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்வது எங்கள் வழக்கம். கோயில் உயிரோடு இருப்பதன் அடையாளம் அது. அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மேலே அடிப்பது நிரப்புவது ஆகாது. இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் கை வைப்பதுதான் நிரப்புவது. இருக்கிற வர்ணத்தின் மேல் ஒரு தூரிகை போனாலும் அது மூடுவது. ஸ்பெயினில் போர்ஹா என்ற ஊரில் 2012இல் தேவாலயச் சுவரில் இருந்த இயேசுவின் முகத்தை, நல்ல மனத்தோடுதான், ஒரு மூதாட்டி திருத்தப் போய் உலகமே சிரித்தது. அங்கே சிரிப்பாவது வந்தது. இங்கே பளபளக்கும் எனாமலுக்குக் கீழே போன படங்களை யாரும் தேடுவதுகூட இல்லை.

மங்கியது என்று நினைப்பது பல இடங்களில் வெறும் எண்ணெய்ப் புகை. முதலில் ஒரு முத்திரையளவு இடத்தைத் தெரிந்தவர் ஒருவர் துடைத்துப் பார்க்கட்டும். அப்படியும் புதுப்படம் வேண்டும் என்று சபை நின்றால், பழைய சுவரைத் தொடாமல் முன்னால் பலகையில் வரைந்து மாட்டலாம்.

"அப்பாச்சியின்ர ஒரேயொரு படம், முகத்தில பாதி பூஞ்சணம். கொம்பியூட்டரில முகத்தை வரைஞ்சு தருவினமாம். செய்யலாமோ அண்ணை?"

மூலப் படத்தில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். வருடி எடுத்த பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் பாதி முகத்தைக் கணினி வரைந்தால் அது லாவோகூனின் நீட்டிய கைதான். இன்னும் இருபது வருடத்தில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் அப்பாச்சியாக இருக்கும். பிரதியின் பின்னால் 'இடப்பக்க முகம் வரைந்து சேர்த்தது' என்று எழுதி, மூலத்தையும் கூடவே வையுங்கள்.

"நூலகத்தை எரிஞ்ச அடையாளமே இல்லாமத் திருப்பிக் கட்டினது சரியோ?"

இதைக் கேட்காத ஆள் இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு 1981 மே 31 இரவு தீ வைக்கப்பட்டது. 97,000 நூல்கள் எரிந்தன, ஏடுகளும் சேர்த்து. எரிந்த கட்டடத்தை நினைவுச்சின்னமாக விட்டுவிட்டு, பக்கத்தில் புதியது கட்டவேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பழைய வடிவிலேயே எழுப்பப்பட்டு, இன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

வடிவம் ஊகம் இல்லை. வரைபடமும் புகைப்படமும் நின்ற சுவர்களும் இருந்தன. ஆகவே அந்தக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் காயமும் வரலாற்றின் ஒரு படைதான். ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1945இல் குண்டுவீச்சில் விழுந்த பெரிய தேவாலயத்தை 2005இல் கட்டி முடித்தபோது, இடிபாட்டில் பொறுக்கிய கறுத்த கற்களைப் புது வெளிர் கற்களுக்கிடையே அவை இருந்த இடத்திலேயே வைத்தார்கள். சுவர் முழுக்கப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அப்படி ஒரு சுவர், ஒரேயொரு அறையாவது, எங்கள் நூலகத்தில் கரியோடு விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அங்கே படித்து வளர்ந்த என் அக்கா இதை ஒத்துக்கொள்ளமாட்டார். "கரியைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் படிக்கவேணுமோ?" என்பார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

"அப்ப கோட்டைக்குள்ள இருந்த தேவாலயத்தையும் கட்டலாமே?"

ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம், போரில் இடிந்து கல்மேடாகியது. இங்கே கேட்கவேண்டியது எத்தனை மூலக்கல் மிச்சம் என்பதுதான். ஜாவாவில் பிரம்பானன் சிவன் கோயிலைத் திருப்பி அடுக்கியபோது, மூலக்கற்களில் முக்கால் பங்காவது கிடைத்தால்தான் ஒரு கோயிலை எழுப்புவது என்று விதி வைத்தார்கள். பெரிய சிவன் கோயில் 1953இல் முடிந்தது. சுற்றியுள்ள சிறு கோயில்கள் பல இன்றும் கற்குவியல்கள்தான். எங்கள் நாட்டிலேயே நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலை, நீர்த்தேக்கத்துக்காக, கல் கல்லாகக் கழற்றி வேறிடத்தில் அடுக்கியிருக்கிறார்கள். வெட்டிய கருங்கல்லுக்கு இது முடியும், ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் இடம்தான். சாந்தில் புதைத்த முருகைக்கல்லுக்கு அப்படி முகவரி கிடையாது. கட்டினால் அது 1706இன் கட்டடமாக இராது; பழைய கல்லில் கட்டிய புதுக் கட்டடம். வேண்டுமானால் கட்டலாம், பெயரை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

"நீங்கள் வைச்சது பிழை எண்டு பிறகு தெரிஞ்சா?"

கழற்றக்கூடியதாக வைப்பதுதான் தொழில். ஓவியத்தில் மூலத்துக்கும் நிரப்பலுக்கும் இடையில் கரையக்கூடிய ஒரு வார்னிஷ் படை இருக்கவேண்டும். மேலே சொன்ன கோட்டு முறைக்கு நீர்வர்ணம் எடுப்பதும் இதனால்தான், ஈரப்பஞ்சில் போய்விடும். சட்டி, சுடுமண்ணுக்கு அசிற்றோனில் கரையும் பரலொயிட் பி-72 போன்ற பிசின். எபொக்சி கடைசி வழி. கழற்றப் போனால் பழைய துண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். சீமெந்து பற்றி முன்பே கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"சொந்த வீடுதானே, ஆரிட்டக் கேக்கவேணும்?"

வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி திணைக்களத்தின் அனுமதி வேண்டும், காணி யாருடையது என்றாலும். அறிவிக்கப்படாத வீடு என்றால் பெரும்பாலும் உங்கள் விருப்பம். உரிமையாளர் நான்கு நாட்டில் நாலு பேர் என்றால் அந்த அனுமதி வாங்குவதுதான் கடினம்.

"தம்பி, உதெல்லாம் சரி. இப்ப கையில காசில்லை. மாரி வரமுன்னம் என்ன செய்யலாம்?"

கூரையைப் பாருங்கள். உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், முடியாவிட்டால் தறப்பாள் கட்டுங்கள். பீலியில் சருகு அள்ளுங்கள். சுவரில் ஆல், அரசு முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டிவிட்டு, வேரைக் கொல்வது எப்படி என்று தெரிந்தவரைக் கேளுங்கள். விழுந்த துண்டு எதையும் எறியவேண்டாம். பூச்சுத் துண்டு, மரச்செதுக்கு, கண்ணாடித் துண்டு எதுவானாலும், எந்தச் சுவரிலிருந்து எப்போது விழுந்தது என்று கடதாசியில் எழுதி, பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, துண்டோடு சேர்த்து அரிசிச் சாக்கில் கட்டி உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கைபேசியில் படமும் எடுங்கள். கடதாசிக்குப் பென்சில்தான் நல்லது, பேனை மை ஈரத்தில் ஊறிவிடும்.